வெறுங்கையோடு நடந்தவள்

நாற்பது வருடங்களாகத் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிய ஒரு பெண், அறுபத்தெட்டு வயதில் தன் வீட்டு வாசற்படியை இறங்கத் தயங்குகிறாள் என்றால், அதற்கு யார் காரணம் என்பீர்கள்? வயது என்று சொல்வீர்கள். விதி என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள்கூட வயது என்று சொல்ல வெட்கப்படுவதில்லை. சரி, அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே காளியாயியின் கதையைக் கேளுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் பாதையில், பஸ் திரும்பிப் போய்விடும் இடத்துக்கும் அப்பால், ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் அவள் இருக்கிறாள். தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு, அவளுடையது. கணவன் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகள் லோஜினி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. தீபாவளிக்கு வருவாள், மழை பெய்தால் வரமாட்டாள்.

வேலையில் இருந்த காலத்தில் காளியாயி நடக்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள், மலைக்குப் போனாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனாள், விறகுக்கும் தண்ணீருக்கும் போனாள். போவதற்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. ஓய்வு கொடுத்த அன்று அவளுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். மறுநாள் விடியலில் ஆலைச் சங்கு ஊதியபோது பழக்கத்தில் எழுந்து முகம் கழுவிச் சேலையை மாற்றிக்கொண்டாள். பிறகு வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மற்றவர்கள் இறங்கிப் போவதைப் பார்த்தாள். பேச்சுச் சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்தது. அதற்குப் பிறகு அந்த லயத்தில் கேட்டது ஒரு கோழியின் சத்தம்தான்.

அடுத்து வந்ததெல்லாம் நல்ல மாற்றங்கள்தாம். தண்ணீர்க் குழாய் வாசலுக்கு வந்தது. மீன்காரன் ஆட்டோவில் வந்தான். மரக்கறியும் அப்படியே வந்தது. ஆனால் அவள் எழுந்து போவதற்கு இருந்த மிச்சக் காரணங்களையும் இவை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. ஒரு மழைக்காலத்தில் லயத்திலிருந்து இறங்கும் படிகள் சரிந்தன. தோட்ட நிர்வாகம் மண்மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போனது. பிடித்து இறங்க ஒரு கம்பிகூட வைக்கவில்லை. பெரட்டுக்குப் போகிறவர்கள் தாண்டிக் குதித்தார்கள். குதிக்க முடியாதவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, அவர்கள் பெயர்தான் வேலைப் பதிவில் இல்லையே.

முழங்கால் வீங்கியது. சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருக்கிறது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். மாதாந்தக் கிளினிக்கில் இருந்த வைத்தியர் ஒரு சிங்களப் பெண். தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

“அம்மே, மருந்து மட்டும் பத்தாது. தினம் நடக்கணும். தட்டையான ரோட்டுல. ஏத்தம் வேணாம், எறக்கம் வேணாம்.”

“நாங்க இருக்கிற எடத்துல தட்டை எங்கங்க இருக்கு?” என்று கேட்டாள் காளியாயி.

வைத்தியர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “நடக்காட்டி, படுக்கையிலதான்.”

படுக்கை என்றால் என்னவென்று காளியாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பக்கத்துக் காம்பராவில் வீரம்மா படுத்திருக்கிறாள். இருவரும் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள். வீரம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு எழவேயில்லை. மருமகள் காலையில் தேத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பகல் முழுக்க வீரம்மா கூப்பிடுவாள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியாக அந்தக் குரல் இந்தப் பக்கம் வரும். காளியாயி போய்த் திருப்பிப் படுக்கவைப்பாள், துணியை மாற்றுவாள். தன்னைத் திருப்பிப் படுக்கவைக்க அந்த லயத்தில் பகலில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. நடக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தாள்.

தோட்டத்தில் தட்டையாக இருப்பது கரத்தை ரோடு ஒன்றுதான். லயத்தடியில் தொடங்கி, மடுவத்தைத் தாண்டி, பழைய துரை பங்களா வரை மலையின் இடுப்பைச் சுற்றி ஓடும் வண்டிப்பாதை. அதில் எப்போது நடப்பது? பன்னிரண்டு மணிக்கு மேல் மழை. காலையில் எல்லாரும் பெரட்டுக்குப் போகும் நேரம். அந்த நேரத்தில் தாலியறுத்த பெண் எதிரே வரக்கூடாது. இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எந்தப் பலகையிலும் எழுதவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். அவள் எதிர்ப்பட்டால் வேலைக்குப் போகிறவர் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். அதற்குள் பெரட்டு முடிந்துவிடும். பிந்தி வந்தவரைத் தோட்டம் திருப்பி அனுப்பும், அன்றைய கூலி போகும். அறிவுக்கு ஒவ்வாத ஒரு வழக்கமும் இரக்கமில்லாத ஒரு விதிமுறையும் இப்படிக் கைகோத்துக்கொண்டு ஒரு கிழவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின.

ஆகவே எல்லாரும் போன பிறகு இறங்கினாள். மண்மூட்டைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாகவே இறங்கிச் சேர்ந்தாள். கையை வீசி நடந்தாள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இராசம்மா வாசலுக்கு வந்தாள்.

“என்னாக்கா, தொரசானி மாதிரி கைய வீசிக்கிட்டு? எங்க பயணம்?”

“எங்கயும் இல்ல. சும்மா நடக்கிறேன்.”

“சும்மா நடக்கிறியா? நடந்தா பேரு போடுறாங்களா?”

பேர் போடுவது என்றால் ஒரு நாள் கூலி விழுவது. இராசம்மாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் சிரித்தாள். மறுநாள் மடுவத்தடியில் இருந்த இரண்டு கிழவர்கள் கேட்டார்கள். அதற்கு மறுநாள், காளியாயிக்கு மூளை பிசகிவிட்டதா என்று யாரோ கேட்டதாக இராசம்மாவே வந்து சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களில் ஒருவரும் வெறுங்கையோடு நடந்து பார்த்ததில்லை. கையில் கூடையோ குடமோ குழந்தையோ இல்லாமல் பாதையில் போகிறவர் ஒன்று வெள்ளைக்காரர், இல்லையென்றால் பைத்தியம். இருநூறு வருட அடிமைத்தனம் உடம்புக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது பாருங்கள். நம் கால்களை நமக்காக வீசுவதற்கே நமக்குக் கூச்சம்.

காளியாயிக்கும் கூச்சமாக இருந்தது. அதனால் அந்த மண்ணில் பிறந்த ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தாள். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் பழைய படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டாள். தோளில் விறகுக் கயிறு, கையில் தேய்ந்துபோன கத்தி. இப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “வெறகுக்கா?” என்பார்கள். “ம்” என்பாள். பங்களா வளைவு வரை போய், வேலியோரத்தில் கொஞ்சநேரம் நின்று, திரும்பி வருவாள். சில வாரங்களில் முழங்கால் இளகியது. வீரம்மாவின் கட்டிலடியில் குந்தி எழ முடிந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பசி எடுத்தது.

வளைவுக்கு மேலே இருந்த யூக்கலிப்டஸ் தோப்பில் ஒரு வாரம் யாரோ மரம் வெட்டியிருந்தார்கள். காவலுக்கு நின்ற வாச்சர் வினோஜன், அவளோடு வேலை செய்த ஒருவரின் மகன், பாதையின் நடுவில் வந்து நின்றான்.

“அம்மாயி, எங்க போய்ட்டு வாறீங்க?”

“வெறகுக்குப்பா.”

“வெறகு எங்க?”

“கெடைக்கல.”

“தெனமும் போறீங்க, தெனமும் கெடைக்கலையா? கத்தியக் குடுங்க. எனக்கு மேல இருந்து ஏச்சு விழுது.”

கத்தியை வாங்கிக்கொண்டு அவளை மடுவத்தடிக்குக் கூட்டிவந்தான். அங்கே கண்டாக்கு, வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். காளியாயியின் தோளில் கயிறு அப்படியே இருந்தது.

“என்னா ஆயா, இந்த வயசுல மரம் வெட்டுறியா?”

“இல்லீங்கையா. நடக்கப் போனேங்க. டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்க.”

“வெறகுக்குன்னு இவன்கிட்ட சொல்லியிருக்க. இப்ப நடக்கன்னு சொல்ற. நடக்கிறவளுக்கு எதுக்குக் கத்தியும் கயிறும்?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “வெறுங்கையா நடக்க வெக்கமா இருந்துச்சுங்கையா” என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்குத் தாவியது. கண்டாக்கும் சிரித்தார். அவர் கொடியவர் அல்ல, வழக்குப் போடவில்லை. கத்தியை வைத்துக்கொண்டு கயிற்றை அவளிடமே விட்டுவிட்டார். “இனி வேலையில இல்லாத ஆளுங்க மடுவத்துக்கு அங்கிட்டு வரக்கூடாது” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பழைய பங்களா இப்போது பயணிகள் தங்கும் விடுதி. அவள் நின்றுகொண்டிருந்தபோதே அங்கிருந்து இரண்டு வெளிநாட்டவர்கள் வந்தார்கள், கணவனும் மனைவியும். காளியாயியைவிட வயது கூடியிருக்கும். கையில் ஆளுக்கொரு ஊன்றுகோல், காலில் நல்ல சப்பாத்து. கரத்தை ரோட்டில் சும்மா நடந்து வந்தார்கள். வினோஜன் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னான். அவர்களை யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் செய்வது உடற்பயிற்சி என்று எல்லாருக்கும் தெரியும். வயது எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் அன்று அந்த மடுவத்தடியில் நின்றிருக்க வேண்டும்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒரு வழி சொன்னார். “கோயில சுத்துங்க. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க.” உண்மைதான். மாரியம்மன் கோயில் முற்றம் சமதரை. கும்பிட்டபடி சுற்றினால் பக்தி, கைவீசிச் சுற்றினால் பைத்தியம். அவள் கைகளைக் கூப்பிக்கொண்டு சுற்றினாள். ஒரு வாரம்தான். கொழும்பிலிருந்து லோஜினி போனில் கூப்பிட்டாள்.

“யாருக்கும்மா நேத்திக்கடன்? எனக்குப் புள்ள தங்கலன்னு நீங்க கோயில சுத்துறீங்களாம். லயமே பேசுதாம். மாமியாரு காது வரைக்கும் போயிருச்சு.”

“முட்டிக்காகத்தான்டி சுத்துறேன்.”

“முட்டிக்கு யாராச்சும் கோயில சுத்துவாங்களா? பேசாம வீட்ல இருங்கம்மா. ஒங்களக் கும்பிடுறேன்.”

அவள் வீட்டில் இருந்தாள். மழை மாதங்கள் வந்தன. மூடுபனி வாசல் வரை வந்து நிற்கும். காலையில் பேச்சுச் சத்தம் வளைவில் தேயும், மாலையில் திரும்பி வரும், நடுவில் ஒன்றுமில்லை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்ததுதான் அவளுடைய உலகம். முழங்கால் மறுபடி இறுகியது. ஒருநாள் கட்டிலிலிருந்து எழ மூன்றாவது முயற்சியில்தான் முடிந்தது. யாரையாவது கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தாள். தன் குரலும் சுவருக்கு மேலே வீரம்மாவிடம்தான் போகும் என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கமிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

“காளி.”

“என்னாடி?”

“முன்னயெல்லாம் நீ செருப்புப் போட்டு எறங்குற சத்தம் கேக்கும். இவ வெளிய போறா, திரும்பி வருவான்னு படுத்திருப்பேன். இப்ப கேக்கலையே.”

“கால் புடிச்சிருச்சு.”

வீரம்மா சொன்னாள்: “எனக்கும் அப்படித்தான் மொதல்ல புடிச்சுச்சு.”

மறுநாள் சங்கு ஊதியதும் காளியாயி இறங்கினாள். எல்லாரும் போன பிறகு இறங்கியிருக்கலாம். ஆனால் கால் இருந்த நிலையில் மண்மூட்டையில் சறுக்கினால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆட்கள் இருப்பது காலையில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். கயிறு இல்லை, சாக்கு இல்லை, கும்பிட்ட கையும் இல்லை. கரத்தை ரோட்டில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பியபோது பெரட்டுக்குப் போகும் கூட்டம் எதிரே வந்தது. முதலில் வந்தவர் அழகன், தேயிலைச் செடிகளுக்கு மருந்தடிக்கும் ஆள். அவளைக் கண்டதும் நின்றார்.

“காலங்காத்தால இதென்னா? ஒனக்கு வேற நேரம் கெடைக்கலயா?”

“இந்த நேரம்தான்டா இருக்கு. விழுந்தா நீ தூக்குவன்னு வந்தேன்.”

அழகன் காறித் துப்பிவிட்டுத் திரும்பி லயத்துக்குப் போனார். அடுத்து வந்த இளம்பெண் தனுஜா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து நேரே மலைக்குப் போனாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வாரக் கடைசியில் பத்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. நான்கு பெண்களைக் கொட்டியது. அவர்களில் ஒருத்தி தனுஜா. கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. அந்த மலையில் ஒரு மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று பெண்கள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாச்சருக்குத் தெரியும், கண்டாக்குக்குத் தெரியும், தலைவருக்கும் தெரியும். கூட்டை அகற்றாதவர்களை அன்று மாலை லயத்தில் ஒருவரும் ஏசவில்லை. கைம்பெண் முகத்தில் விழித்துவிட்டுப் போனவர்களுக்குத்தான் கொட்டியது என்றார்கள். கொட்டுப்பட்ட மற்ற மூவரும் கீழ் லயத்துக்காரர்கள், அந்த வாரம் காளியாயியைக் கண்ணால்கூடக் காணாதவர்கள். அழகன் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்ததால் தப்பினார் என்றார்கள். அழகன் அன்று வேறு மலையில் வேலை செய்தார். நம் மூடநம்பிக்கைகள் எப்போதும் இப்படித்தான், நிர்வாகத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றன.

தனுஜா வீட்டுக்கு வந்ததும் காளியாயி பார்க்கப் போனாள். உள்ளே போகாமல் கதவடியில் நின்றாள். தனுஜாவின் ஒரு கண் இன்னும் வீங்கி மூடியிருந்தது.

“உள்ள வாங்க அம்மாயி.”

“இல்ல, இங்கனயே நிக்கிறேன். வலிக்குதா?”

“இப்ப பரவால்ல.” தனுஜா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். “ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல அம்மாயி. கூடு அங்கதான் இருந்துச்சு. ஆனா வேலைக்குப் போகத் தொடங்கினா… நான் முன்னுக்குப் போயிர்றேன். நீங்க பொறகு வாங்க. எங்க வீட்டுக்காரரு சொல்றாரு.”

“சரிம்மா” என்றாள் காளியாயி.

அவள் நடப்பதை நிறுத்தவில்லை. நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் சங்கு ஊதியதும் இறங்குகிறாள். லயத்தடியிலிருந்து மடுவம் வரை போகிறாள், அதற்கு அங்கிட்டுப் போவதில்லை. யாரும் அவளை ஏசுவதில்லை. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டதும் கதவுகள் பாதியாகச் சாத்திக்கொள்கின்றன. தலைத்துண்டு கட்டி, கூடை மாட்டித் தயாராக நிற்கிறவர்கள், அவள் மடுவத்தைத் தொட்டுத் திரும்பி ஏறும் வரை உள்ளேயே நின்றுவிட்டு, பிறகு பிந்திவிடாமல் குறுக்கு வழியில் விழுந்தடித்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறார்கள். ஒரு தோட்டமே நடக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாதை காலியாகக் கிடக்கிறது. அதில் மூடுபனிக்குள் ஒருத்தி மட்டும், சறுக்கினால் தூக்க ஆள் இருக்கும் என்று நம்பி வந்த நேரத்தில், ஆளில்லாமல் நடந்துகொண்டிருக்கிறாள்.

இராகலையிலோ இறம்பொடையிலோ, நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, உங்கள் லயத்திலும் தெருவிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். பெரிய போராட்டம் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. நாளைக் காலை அவள் படியிறங்கும் சத்தம் கேட்டால் கதவைப் பாதியாகச் சாத்தாதீர்கள். வெளியே வாருங்கள். அந்த மண்மூட்டைகளில் அவள் இறங்கக் கையைக் கொடுங்கள். மடுவம் வரைக்கும், முடிந்தால் அதற்கும் அங்கிட்டு, அவளோடு சேர்ந்து நடங்கள்.